13 நாள் பிந்திய கடதாசி

எங்கட அம்மாட்ட ஒரு கதை இருக்கு. 90களில யாழ்ப்பாணத்துக்கு பற்றரி கொண்டுவரத் தடை. சைக்கிளைக் கவிட்டு வைச்சு, ஒராள் பெடலைச் சுத்த, டைனமோவில ரேடியோ கேட்டிருக்கினம். சின்னனில இதை நான் பகிடியாத்தான் கேட்டனான். போன செமஸ்டர் ஒரு ஒப்படைக்காக சுனாமிக் காலத்துத் தொலைத்தொடர்பு பற்றி வாசிக்கேக்கதான் அது வேற மாதிரி விளங்கினது. ஒரு செய்தி வந்து சேர கம்பியும் கோபுரமும் மட்டும் காணாது. எங்கேயோ ஒராள் ஒரு கடதாசியில கையெழுத்தும் போடவேணும்.

சாதாரண நாளில் ஒரு வெளிநாட்டு நிவாரணக் குழு செய்மதித் தொலைபேசியோ ரேடியோ கருவியோ கொண்டுவந்தால், சுங்கம் அதை விடவேணும், அலைவரிசைக்கு உரிமம் வேணும், கருவியின் வகைக்கு அங்கீகாரம் வேணும், இயக்குகிற ஆளுக்கு விசா வேணும். ஒவ்வொன்றுக்கும் ஒரு மேசை. கோபுரங்கள் விழுந்து கிடக்கிற நாளிலும் அந்த மேசைகள் விழாமல் நிற்கும்.

இதைத் தளர்த்தத்தான் 1998 ஜூன் 18 அன்று பின்லாந்தின் தம்பரே நகரில் ஒரு சர்வதேச உடன்படிக்கை செய்தார்கள். அதன் 9ஆம் உறுப்புரை முழுக்க இந்த ஒழுங்குவிதித் தடைகளைப் பற்றியதுதான். இலங்கையும் இந்தியாவும் 1999 இலேயே இணைந்துவிட்டன. ஆனால் 30 நாடுகள் சேரவேணும், சேர்ந்து 30 நாள் கழியவும் வேணும், அதற்குப் பிறகுதான் அமுல். அது அமுலுக்கு வந்த நாள் 2005 ஜனவரி 8. சுனாமி வந்தது 2004 டிசம்பர் 26. அதாவது கடல் உள்ளே வந்த காலையில் 30 நாடுகளும் சேர்ந்து முடிஞ்சுது. கடதாசி தன்ர 30 நாளை எண்ணிக்கொண்டு இருந்திருக்கு!

அந்தக் காலையில் அந்தமானின் போர்ட் பிளேயரில் பாரதி பிரசாத் என்ற பெண் ஹாம் ரேடியோவில் இருந்தார். ஹாம் எண்டால், பரீட்சை எழுதி உரிமம் எடுத்து, சொந்தக் கருவியில் உலகத்தோட கதைக்கிற பொழுதுபோக்கு. அந்தமானில் அது ஏறத்தாழ 17 வருடமாக நடக்கவே இல்லை. இராணுவ முக்கியத்துவமுள்ள தீவுகள், அனுமதி கிடைக்காது. அவர் பல வருடம் கேட்டுக் கேட்டு வாங்கின அனுமதியோட, ஹைதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தின் குழுவைக் கூட்டிக்கொண்டு அந்த டிசம்பர் தொடக்கத்தில் வந்து, ஒரு ஹோட்டலில் அன்டெனா கட்டியிருந்தார். அனர்த்தத்துக்கு எண்டு ஒருத்தரும் அந்த அனுமதியைக் கேட்கவுமில்லை, கொடுக்கவுமில்லை. அது பொழுதுபோக்குக்குக் குடுத்தது.

நிலம் ஆடி, மின்சாரமும் தொலைபேசியும் போன பிறகு அந்தக் கருவி தீவுகளுக்கும் பெருநிலத்துக்கும் இடையில் ஒரு பாலமானது. உயிரோடு இருக்கிறவர்களின் செய்தி உறவுகளுக்குப் போனது. பிறகு குழுவில் சிலர் மோசமாக அழிஞ்சுபோன கார் நிக்கோபாருக்கே கருவியைக் கொண்டுபோனார்கள். எங்கட பக்கத்திலயும் ஹாம்காரர் அம்பாந்தோட்டைக்குப் போய்க் கொழும்போட தொடர்பு எடுத்துக் குடுத்திருக்கினம்.

நான் யோசிக்கிறது இதுதான். டிசம்பர் 26 காலையில் அவர் முதல் விண்ணப்பத்தை நிரப்பத் தொடங்கியிருந்தால்? பரிசீலனையைத் தளர்த்திறது எண்டால் அனர்த்தம் நடந்த பிறகு அமைச்சர் ஒராள் அவசரமா எதையோ ரத்துச் செய்யிறது எண்டுதான் நாங்கள் நினைக்கிறம். அந்தமானில் வேலை செய்தது முதலே மேசையைக் கடந்துவிட்ட ஒரு கடதாசி.

அதுக்காக எல்லா விதியையும் தூக்கி எறி எண்டு நான் சொல்லேல்ல. அந்தமானில் வெளியார் நினைச்சபாட்டுக்குப் போகேலாது எண்ட இன்னொரு கட்டுப்பாடு ஜாரவா, சென்டினலீஸ் மக்களைக் காக்கிறது. கோபுரம் கட்டவேணும் எண்டு அதையும் சேர்த்துத் தளர்த்தினால் பிறகு திரும்பக் கொண்டுவர ஏலாது.

உடன்படிக்கையிலும் ஒரு பூட்டு இருக்கு. அனர்த்தம் நடந்த நாடு கேட்டால்தான், சம்மதித்தால்தான் உதவி. நியாயம்தான். ஆனால் நாடு எண்டால் அங்க அரசாங்கம் மட்டும்தான். 2004 இல் முல்லைத்தீவுக் கரை புலிகளின் கட்டுப்பாட்டில். நிவாரணத்தைச் சேர்ந்து நிர்வகிக்க 2005 ஜூனில் இரண்டு தரப்பும் கையெழுத்திட்ட பொதுக் கட்டமைப்பின் முக்கிய பகுதிகளை அடுத்த மாதமே உயர்நீதிமன்றம் இடைநிறுத்தியது. பற்றரியைத் தடுத்த அதே பயம் கோட்டுப் போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்கு வந்தமாதிரி எனக்குப் படுது. இதில் என்னோட ஒத்துவராதவை இருப்பினம், எழுதுங்கோ.

அந்தமானிலோ கதவு கொஞ்சம் திறந்தது. 2006 ஏப்ரலில் போர்ட் பிளேயரில் ஒரு ஹாம் ஒன்றுகூடல் நடந்தது. வெளிநாட்டுக்காரரும் அனுமதியோட வந்து, அந்தத் தீவிலிருந்து உலகத்தோட கதைச்சிட்டுப் போனார்கள்.