மருந்துத் தரவுத்தளத் தகவமைப்பு

மின்னணு மருத்துவப் பதிவு மென்பொருளின் மருந்துப் பட்டியலை, மருத்துவமனையின் கையிருப்புக்கும் வழக்கத்துக்கும் ஏற்ப மாற்றியமைக்கும் பணி.

வணிகப் பெயர்கள் மலிந்த இந்தியாவில் இது தவிர்க்க முடியாதது. பெங்களூரின் மைக்ரோ லேப்ஸ் தயாரிக்கும் டோலோ 650-ஐயே எடுத்துக்கொள்ளலாம். மருத்துவர் ‘டோலோ’ என்று தட்டினாலும் ‘பாராசிட்டமால்’ என்று தட்டினாலும் திரையில் அந்த மாத்திரை வரவேண்டும். மூலப்பெயர், வணிகப்பெயர், மில்லிகிராம் அளவு, மாத்திரையா சிரப்பா என்ற விவரம் எல்லாம் தனித்தனியே பதிந்து இணைக்கப்பட வேண்டும். இல்லையேல் ஒரே மருந்து இரு பெயர்களில் சீட்டில் ஏறிவிடும்.

இத்தகைய மென்பொருளுக்கு ஓர் எடுத்துக்காட்டு, ஓப்பன்எம்ஆர்எஸ் என்ற மருத்துவப் பதிவுத் தளத்தின் மேல் தாட்வொர்க்ஸ் நிறுவனம் உருவாக்கிய திறமூல மென்பொருளான பாஹ்ம்னி. சத்தீஸ்கரின் கனியாரியில் ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக் மருத்துவமனைக்காகத் தொடங்கியது. இதில் மருந்துகளை சிஎஸ்வி கோப்பாக மொத்தமாக ஏற்றலாம்.

வழக்கொழிந்த மருந்தை அழிப்பதில்லை, செயலிழக்கச் செய்வார்கள். புதுச் சீட்டில் அது வராது, பழைய சீட்டுகளில் அப்படியே இருக்கும்.