ஹெரால்டுக்கு என்ன ஆயில்?

ஸ்டாண்டர்டு ஹெரால்டின் பானட்டைத் திறந்தால் மூடி மட்டும் எழும்பாது. இரண்டு மட்கார்டும் ஹெட்லைட்டும் சேர்ந்து காரின் முகம் முழுவதும் முன்னால் கவிழும். இன்ஜின் வெட்டவெளியில் நிற்க, மெக்கானிக் முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்து ஷெட் ஒன்றுக்கு இப்படி ஒரு கார் வந்தால், டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்த கையோடு ஒரு கேள்வி வரும்: "என்ன ஆயில் சார் ஊத்தறது?"

புதுக் காருக்கு இந்தக் கேள்வியே கிடையாது. கம்பெனி கொடுத்த புத்தகத்தில் பதில் இருக்கும். ஹெரால்டின் புத்தகத்திலும் ஒரு பதில் உண்டு. ஆனால் அது எழுதப்பட்ட காலத்து ஆயில் இன்று கடையில் இல்லை.

மோட்டார் வருவதற்கு முன்பே பூந்தமல்லிச் சாலைக்கு எண்ணெய் பழக்கம்தான். மாட்டு வண்டியின் அச்சுக்கு வைக்கோல் கரியையும் விளக்கெண்ணெயையும் குழைத்து மை போடுவார்கள். கடையாணியைக் கழற்றி, சக்கரத்தைச் சற்றே வெளியே இழுத்து, அச்சில் அதை அப்புவார்கள். அதற்கு மசகு என்றும் பெயர். லூப்ரிகன்ட் என்ற சொல்லுக்கு மசகு எண்ணெய் என்று தமிழில் பெயர் வைத்தவர்கள் வெகுதூரம் தேட வேண்டியிருக்கவில்லை.

அதே ஆமணக்குதான் பந்தயக் கார்களுக்கும் போனது. 1899-ல் லண்டனில் சார்லஸ் வேக்ஃபீல்டு தொடங்கிய கம்பெனி, விளக்கெண்ணெய் கலந்த இன்ஜின் ஆயிலுக்கு 1909-ல் காஸ்ட்ரால் என்று பெயரிட்டது. விளக்கெண்ணெயின் ஆங்கிலப் பெயரான காஸ்டர் ஆயிலிலிருந்து பிறந்த பெயர் அது. முதல் உலகப் போரில் பறந்த சுழல் இன்ஜின் விமானங்களும் விளக்கெண்ணெயையே குடித்தன. பெட்ரோல் பட்டாலும் எளிதில் கரையாது, கொதிக்கும் இரும்பை விட்டு நழுவாது என்பது இதன் பலம். ஆறப் போட்டால் பிசினாக இறுகிவிடும் என்பது பலவீனம். அதனால்தான் பந்தயம் முடிந்ததும் சூடு தணிவதற்குள் ஆயிலை வடித்துவிடுவார்கள். சாதாரணக் கார் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு ஒருமுறை செய்வதைப் பந்தயக் கார் ஒரே மாலைக்குள் செய்தது.

சென்னைக்கு அந்தப் பந்தயத்தைக் காட்டிய இடம் சோழவரம். அம்பத்தூரிலிருந்து செங்குன்றம் வழியாகப் போனால் கைக்கெட்டும் தூரம். இரண்டாம் உலகப் போருக்காகப் போட்ட விமான ஓடுதளத்தில், 1953-ல் உருவான மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ஆண்டுதோறும் பந்தயம் நடத்தியது. ஃபியட், ஹெரால்டு என்று வீட்டுக் கார்களையே செதுக்கி ஓட்டியவர்களும் இருந்தார்கள். 1980-களில் ஃபார்முலா ஒன் ரகத்து என்சைன் காரைக் கொண்டுவந்த விஜய் மல்லையா போன்றவர்களும் இருந்தார்கள். பின்னர் பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு சாலையில் இருங்காட்டுக்கோட்டையில் கிளப் சொந்தமாக ஒரு தடம் அமைத்தது. 1990-ல் அது திறந்தபின் சோழவரம் ஓய்ந்தது.

ஹெரால்டும் இந்த ஊர்ப் பிள்ளைதான். வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆலை, இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டை 1961 முதல் ஸ்டாண்டர்டு என்ற பெயரில் செய்தது. அதே ஹெரால்டின் சேஸிஸைக் குறுக்கித்தான் 1962-ல் டிரையம்ப் தனது ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தது. இன்ஜினும் ஒரே குடும்பம்: ஹெரால்டில் 948 சி.சி., ஸ்பிட்ஃபயரில் 1,147 சி.சி. வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் எட்டாக்கனியாக இருந்த நாட்டில், இரண்டு கதவு ஹெரால்டை வைத்திருந்தவர் ஸ்பிட்ஃபயரின் ஒன்றுவிட்ட அண்ணனை வைத்திருந்தார் என்று சொல்லலாம்.

காருக்கு வேண்டிய பாகங்களும் கைகளும் மேற்கே பெருகிக்கொண்டிருந்தன. அம்பத்தூரில் 1959-ல் டன்லப் டயர் ஆலை வந்தது. பாடியில் 1960-களின் தொடக்கத்தில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா ஒன்றன்பின் ஒன்றாக முளைத்தன. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-ல் முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது.

ஆயில் மட்டும் வடக்கேயிருந்து வந்தது. மத்திய அரசு, அமெரிக்காவின் அமோகோ, ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனம் மூன்றும் கூட்டாக 1965-ல் தொடங்கிய மெட்ராஸ் ரிஃபைனரீஸ், 1969-ல் மணலியில் 25 லட்சம் டன் திறனுடன் ஓடத் தொடங்கியது. ஈரானிய கச்சா எண்ணெயிலிருந்து மசகு எண்ணெய்க்கான மூல எண்ணெயையும் அது பிரித்தெடுத்தது. இந்தியன் ஆயிலின் சர்வோ டின் 1970-களில் கடைகளுக்கு வந்தது. வெளிநாட்டு பிராண்டுகள் அலமாரியை நிறைத்தது, 1990-களின் தொடக்கத்தில் அந்த வணிகம் திறந்துவிடப்பட்ட பிறகு.

டின்னில் இருக்கும் எண்களுக்கும் ஒரு கதை உண்டு. ஆயிலின் பிசுபிசுப்பை எண்ணால் குறிக்கும் முறையை அமெரிக்க ஆட்டோமொபைல் பொறியாளர் சங்கம் 1911-ல் கொண்டுவந்தது. முதலில் முப்பது, நாற்பது என்று ஒற்றை எண்தான். 20டபிள்யூ-50 போன்ற இரட்டை எண் ஆயில்கள் 1950-களுக்குப் பின் பரவின. டபிள்யூ என்பது ஆங்கிலத்தில் குளிர்காலத்தைக் குறிக்கும் முதலெழுத்து. மார்கழி விடியலில்கூட ஸ்வெட்டரை மட்டும் தேடும் ஆவடிக்கு அந்த எழுத்தால் பெரிய பயனில்லை. இங்கே கவனிக்க வேண்டியது பின்னால் வரும் எண்ணைத்தான்: சித்திரை வெயிலில், டிராஃபிக்கில் நின்று கொதிக்கும் இன்ஜினில் ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதை.

உண்மையான சிக்கல் துத்தநாகத்தில் இருக்கிறது. ஹெரால்டு இன்ஜினில் கேம்ஷாஃப்டின் மேடு டாப்பெட்டின் தட்டையான முகத்தில் உரசிக்கொண்டே சுழலும். பல புதிய இன்ஜின்களில் அந்த இடத்தில் உருளை இருக்கும். இங்கே இரும்பும் இரும்பும்தான். அந்தத் தேய்மானத்தைத் தடுக்க ஆயிலில் துத்தநாகமும் பாஸ்பரசும் அடங்கிய ஒரு சேர்மானம் பல பத்தாண்டுகளாகக் கலக்கப்பட்டு வந்தது. 1995 ஏப்ரல் முதல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிடிக் கன்வர்ட்டர் கட்டாயமானது. புகையைச் சுத்தம் செய்யும் அந்தக் கருவியைப் பாஸ்பரஸ் கெடுக்கும். உலகெங்கும் தரக் குறியீடுகள் பாஸ்பரசைப் படிப்படியாகக் குறைத்தன. 2004-ல் வந்த எஸ்எம் தரம், 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய ஆயில்களுக்கு 0.08 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்தது. 20டபிள்யூ-50 போன்ற கெட்டி ஆயில்கள் அந்த வரம்புக்குள் வரவில்லை. விலை உயர்ந்த புது சின்தெடிக்கை விட்டு, பழைய கார்க்காரர்கள் சல்லிசான இருபது-ஐம்பதைக் கேட்பது இதனால்தான்.

மாற்றும் முறையில் அதிக மாற்றமில்லை. இன்ஜினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, ஆயில் இளகியதும் ட்ரெய்ன் போல்ட்டைத் தளர்த்துவார்கள். கடைசித் திருகைக் கையால் எடுக்கும்போது விரல் சுடும். முதலில் தாரைபோல் கொட்டி, பிறகு நூலாகி, கடைசியில் சொட்டும். அந்தச் சொட்டுக்காகக் காத்திருப்பதில்தான் பொறுமை வேண்டும். வடிந்ததைப் பனியன் வேஸ்ட்டில் துடைத்து வெயிலில் பிடித்துப் பார்ப்பார்கள். மினுமினுத்தால் பேரிங் தேய்கிறது என்று பொருள். ஃபில்டரை மாற்றி, ஏறக்குறைய நான்கு லிட்டர் ஊற்றி, ஸ்டார்ட் செய்தபின் ஆயில் விளக்கு அணையும்வரை ஆக்ஸிலேட்டரைத் தொட மாட்டார்கள்.

வடித்த ஆயிலைப் பதிவுபெற்ற மறுசுத்திகரிப்பாளரிடம்தான் சேர்க்க வேண்டும் என்பது சட்டம். ஆனாலும் ஒரு பங்கு லாரியின் அடிப்பக்கம் துருப்பிடிக்காமலிருக்க ஸ்ப்ரேயாகப் போகும். இன்னொரு பங்கைச் சென்ட்ரிங் வேலைக்காரர் கேனில் வாங்கிப்போவார். புதுக் கட்டடத்தின் மாடியில், கம்பி கட்டுவதற்கு முன், கான்கிரீட் ஒட்டாமலிருக்க அவர் துணியில் தொட்டு ஷீட்டின் மேல் தேய்க்கும்போது, அது வண்டி மையைப் போலவே கன்னங்கரேலென்று இருக்கும்.