கேட்டால் மட்டும் பேசும் குழு போதுமா?

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் செல்லும் சாலையை ஒட்டித் தொழிற்சாலைகள் பெருகிவிட்டன. அதே வட்டாரத்தில் ஏரிக்கரைகளிலும் புறம்போக்கு நிலங்களிலும் இருளர் குடும்பங்கள் வாழ்கின்றன. வீட்டுமனைப் பட்டாவும் பழங்குடியினர் சாதிச் சான்றிதழும் அவர்களில் பலருக்கு இன்றும் எட்டாக்கனிதான். அவர்களின் குரலைக் கேட்க மாவட்ட அளவில் ஓர் ஆலோசனைக் குழு தேவை என்று கருதுபவன் நான். ஆனால், அதை வடிவமைக்கும் முன் பழைய குழுக்களின் அனுபவத்தைப் பார்ப்பது அவசியம்.

அரசமைப்புச் சட்டத்தின் 5-ஆவது அட்டவணை பழங்குடியினர் ஆலோசனைக் குழுவுக்கு வழிவகுக்கிறது. உறுப்பினர்கள் 20 பேருக்கு மிகக் கூடாது. ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் சட்டப்பேரவையில் உள்ள பழங்குடிப் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும். தமிழகத்திலோ பழங்குடியினருக்கான தனித் தொகுதிகள் ஏற்காடு, சேந்தமங்கலம் ஆகிய இரண்டு மட்டுமே. இரண்டும் மலைப்பகுதிகளைக் கொண்டவை. சமவெளி இருளர்களுக்கு அவற்றில் இடமில்லை. குறையும் இடங்களைப் பிற பழங்குடியினரைக் கொண்டு நிரப்ப வேண்டும் என்கிறது சட்டம். அவர்களை அம்மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அது கூறவில்லை. ஆளுநர் அனுப்பும் பொருள்கள் குறித்து அறிவுரை கூறுவதே அக்குழுவின் கடமை. கேள்வி வராவிட்டால், பதிலும் இல்லை.

தேர்தல் மட்டும் போதுமா? போதாது என்பதற்கு ஆஸ்திரேலியா சான்று. பூர்வகுடியினர் தேர்ந்தெடுத்த தேசிய ஆலோசனைக் குழு அங்கு 1973-இல் உருவாகி, 1977-இல் முடிவுக்கு வந்தது. அதன் இடத்தில் வந்த மாநாட்டு அமைப்பு 1985-இல் மறைந்தது. 1990-இல் தொடங்கிய ஆணையம் 2005-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் கலைக்கப்பட்டது. பூர்வகுடியினரின் குரலுக்கு அரசமைப்பில் இடமளிக்கும் யோசனையும் 2023 அக்டோபர் 14-இல் நடந்த பொதுவாக்கெடுப்பில் தோற்றது. அங்கே பேசும் உரிமை இருந்தது, நிலைத்திருக்கும் உறுதி இல்லை. இங்கே குழுவுக்கு அரசமைப்பின் பாதுகாப்பு உண்டு, தானாகப் பேசத் தொடங்கும் உரிமை இல்லை.

எனவே, புதிய குழுவுக்கு நான்கு விதிகள் வேண்டும். உறுப்பினர்களைக் குடியிருப்பு மக்களே தேர்ந்தெடுக்க வேண்டும். விவாதப் பொருளைக் குழுவே முடிவு செய்ய வேண்டும். அதன் பரிந்துரைக்கு, குறித்த காலத்துக்குள் அரசு எழுத்துபூர்வமாகப் பதிலளித்து, அதை வெளியிட வேண்டும். குழுவைக் கலைப்பதானால் சட்டப்பேரவையின் ஒப்புதல் பெற வேண்டும்.

ஏரிக்கரைக் குடியிருப்பு ஒன்றை அகற்ற முடிவெடுக்கும் முன் அங்குள்ளவர்களைக் கேட்பதே ஆலோசனை. முடிவெடுத்த பின் அழைத்துக் கூறுவது வெறும் அறிவிப்பு.