முட்டைக் கணக்கு

1939 கோடையில் ஜார்ஜ் ஆர்வெல் ஒரே சமயத்தில் இரண்டு நாட்குறிப்புகள் எழுதிக்கொண்டிருந்தார். ஒன்றில் ஐரோப்பா யுத்தத்தை நோக்கிச் சரிவது பற்றிய செய்திகள். பத்திரிகைகளைப் பார்த்துத் தேதிவாரியாகக் குறித்தவை. மற்றதில் தோட்டம், வானிலை, ஆட்டுப்பால், அன்றைக்குக் கோழிகள் இட்ட முட்டைகள் எத்தனை என்பது. முதலாவதைத்தான் ஆர்வெலைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் எடுத்தாள்கிறார்கள். இரண்டாவது அவர்களுக்கு ஓர் ஆங்கிலேயரின் கிறுக்கு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ‘விலங்குப் பண்ணை’யை எழுதியவர் முட்டை எண்ணிய மனிதர் என்பதை மறந்துவிட்டு அந்தப் புத்தகத்தைப் படிப்பதால்தான் அது வெறும் அரசியல் விடுகதையாகிவிடுகிறது, ஸ்நோபால் யார், நெப்போலியன் யார் என்று விடை சொல்லிவிட்டு மூடிவைத்துவிடலாம்.

1936 ஏப்ரலில் அவர் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் வாலிங்டன் என்ற கிராமத்தில் ஒரு பழைய கடைவீட்டுக்குக் குடிபோனார். வாரவாடகை ஏழரை ஷில்லிங். தகரக் கூரை, மின்சாரம் கிடையாது, கக்கூஸ் வெளியே. ஜூனில் எய்லீனை அந்த ஊர்த் தேவாலயத்திலேயே மணந்துகொண்டார். கடையை மறுபடி திறந்தார்கள். அது வாடகைக்குக் காணும், அவ்வளவே. ஆடுகளும் கோழிகளும் வந்தன. முரியல் என்று பெயர் வைத்த வெள்ளாட்டுக்குப் பக்கத்தில் அவர் குனிந்து நிற்கும் புகைப்படம் ஒன்று பலருக்குத் தெரிந்திருக்கும். இடையில் ஸ்பெயின் போனதும், 1937 மே மாதம் தொண்டையில் குண்டு வாங்கியதும், திரும்பி வந்து கட்டலோனியா பற்றி எழுதியதும், நுரையீரல் ரத்தம் கக்கியதும் எல்லாம் இந்த வீட்டை மையமாக வைத்து நடந்தவைதான். உடம்பு தேறுவதற்காக 1938 செப்டம்பரில் மொராக்கோ போனபோது கோழிகளையும் ஆட்டையும் ஜாக் காமன் என்ற எழுத்தாளர் நண்பரிடம் விட்டுப்போனார். அங்கிருந்து அவருக்கு எழுதிய கடிதங்களில் கோழித்தீவனமும் முரியலின் சினையும் வருகின்றன. மொராக்கோவிலும் மனுஷன் சும்மா இருக்கவில்லை. இரண்டு ஆடு, சில கோழி, மறுபடியும் கணக்கு.

இந்தக் கணக்குக்கு ஒரு காரணம் உண்டு. குளிர்நாடுகளில் பகல் குறுகக் குறுகக் கோழி முட்டையிடுவதைக் குறைத்துவிடும். ஆடு இலையுதிர் காலத்தில்தான் பருவத்துக்கு வரும். ஐந்து மாதம் சுமந்து வசந்தத்தில் ஈனும். குளிர்காலத்துக்குள் பால் வற்றத் தொடங்கிவிடும். ஆகவே எந்த முட்டையைத் தின்பது, எதை விற்பது, எதை அடைவைப்பது என்பது அடுத்த வருஷத்தைப் பற்றிய முடிவு. அடைமுட்டையைத் தின்கிற வீடு அடுத்த வருஷக் கோழியைத் தின்கிற வீடு.

இப்போது ‘விலங்குப் பண்ணை’யில் கோழிகளின் கலகத்தைப் பாருங்கள். வாரத்துக்கு 400 முட்டை வெளியே விற்க நெப்போலியன் ஒப்பந்தம் செய்கிறான். கோழிகள் வசந்தகால அடைக்கு முட்டை சேர்த்துவைத்திருக்கும் நேரம் அது. மூன்று கறுப்பு மினோர்க்கா விடைக்கோழிகள் தலைமை தாங்குகின்றன. உத்திரத்துக்குப் பறந்து போய் அங்கிருந்தே முட்டையிடுகின்றன. அவை தரையில் விழுந்து உடைகின்றன. தீவனம் நிறுத்தப்படுகிறது. ஐந்து நாள். ஒன்பது கோழிகள் சாகின்றன. அவை காக்சிடியோசிஸில் இறந்ததாக அறிவிப்பு. அந்தக் கடைசி விவரத்தைக் கவனிக்க வேண்டும். கோழி வளர்க்காத எழுத்தாளன் ‘நோயால் இறந்தன’ என்று எழுதிவிட்டுப் போயிருப்பான். அரசு சொல்லும் பொய்க்கு ரத்தக்கழிச்சலின் சரியான பெயரைக் கொடுத்திருக்கிறார், கோழிக்கூட்டைக் கழுவியவர்.

இந்தக் கலகம் ரஷ்யாவில் நடந்ததன் சாயல். 1929-30 குளிர்காலத்தில் கூட்டுப்பண்ணை இயக்கம் கிராமங்களில் பாய்ந்தபோது, பல இடங்களில் நிலத்தோடும் குதிரையோடும் ஆடும் கோழியும்கூடப் பொதுவாக்கப்பட்டன. ஷோலகோவ் தமது உழப்பட்ட கன்னிநிலம் பற்றிய நாவலில், 1932லேயே, கோழிகளைப் பொதுவாக்கும் கூத்தை எழுதியிருக்கிறார். கட்சிக்காரர் எழுதியது, ஆகவே அவதூறு என்று தள்ள முடியாது. விவசாயிகள் ஒப்படைப்பதற்கு முன் அறுத்துத் தின்றார்கள். 1934இல் பதினேழாவது கட்சி மாநாட்டில் ஸ்டாலினே வாசித்த கணக்குப்படி, செம்மறியும் வெள்ளாடும் சேர்த்து 1929இல் 14.72 கோடி, 1933இல் 5.06 கோடி. (சோவியத் புள்ளிவிவரம் இரண்டையும் ஒரே பட்டியில் அடைத்துவிடுகிறது. நம் ஊர்க் கீதாரி சிரிப்பான்.) எல்லாமே அறுத்ததல்ல. பராமரிப்பில்லாமலும் தீனியில்லாமலும் செத்தவை ஏராளம். கஸாக் புல்வெளியின் மந்தைகள் அழிந்ததோடு அந்த மந்தைகளை நம்பியிருந்த ஜனங்களும் பட்டினியில் லட்சக்கணக்கில் மாண்டார்கள்.

1930இல் கிராமங்களில் நடந்த கலவரங்களை ரகசியப் போலீஸ் எண்ணிவைத்திருந்தது: 13,754. அவற்றில் 3,712 ஏறக்குறைய முழுக்கப் பெண்கள் நடத்தியவை. ‘பெண்பிள்ளைக் கலகம்’ என்று அதிகாரிகள் ஏளனமாகப் பெயர் வைத்தார்கள். வயல் ஆணுடையதாக இருக்கலாம். பசுவும் ஆடும் கோழியும் பெண்ணின் கைப்பொறுப்பு. குழந்தைக்குப் பால் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்குத் தீர்மானங்களில் பதில் இல்லை. உத்திரத்தில் ஏறியவை மூன்று விடைக்கோழிகள் என்பதை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

1930 மார்ச் 2 அன்று ‘பிராவ்தா’வில் ஸ்டாலினின் கட்டுரை வந்தது. வெற்றியில் தலைசுற்றிப் போன உள்ளூர்க்காரர்கள் மேல் பழி. வீட்டுத்தோட்டம், சிறு கால்நடை, கோழி இவையெல்லாம் பொதுவாக்க வேண்டியவை அல்ல என்று அதில் இருந்தது. அந்த மாதத் தொடக்கத்தில் பாதிக்கு மேற்பட்ட விவசாயக் குடும்பங்கள் கூட்டுப்பண்ணைகளில் இருந்தன. கோடைக்குள் நாலில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. பிறகு நெருக்கித் திரும்பச் சேர்த்தார்கள். 1932-33 பஞ்சம் நடந்து முடிந்தது.

1935 பிப்ரவரியில் வந்த கூட்டுப்பண்ணை மாதிரி விதிகள்தான் எனக்கு இந்தச் சரித்திரத்தின் மிக விசித்திரமான ஆவணமாகப் படுகின்றன. குடும்பத்துக்குக் கால் ஹெக்டேரிலிருந்து அரை ஹெக்டேர், சில இடங்களில் ஒரு ஹெக்டேர். தானியப் பிரதேசங்களில் ஒரு பசு, இரண்டு கன்று வரை, குட்டிகளோடு ஒரு பன்றி, ஆடு பத்துவரை, தேன்கூடு இருபதுவரை. கோழிக்கும் முயலுக்கும் வரம்பு இல்லை. மனிதன் தன்னுடையது என்று எவ்வளவு சொல்லலாம் என்பதற்குத் தத்துவவாதிகள் எழுதியதெல்லாம் இருக்கட்டும். இங்கே ஓர் அரசு உட்கார்ந்து தலையெண்ணிக்கையில் பதில் எழுதியிருக்கிறது. கோழியிடம் வந்ததும் எண்ணுவதை விட்டுவிட்டது.

தாராளம் என்று யாரும் ஏமாற வேண்டாம். அந்த வீடுகள் அரசுக்கு இறைச்சியும் பாலும் முட்டையும் கட்டாயமாக அளக்க வேண்டியிருந்தது. கூட்டுப்பண்ணை உழைப்புநாளுக்குக் கொடுத்த தானியம் போதாத இடத்தில் இந்தக் கால் ஹெக்டேர்தான் குடும்பத்தைக் காப்பாற்றியது. அதாவது குறைந்த கூலியை அரசு சமாளித்தது கிழவிகள் கட்டிய ஆட்டின் மடியால். பசுவுக்குத் தீனி கட்டுப்படியாகாதவர்கள் ஆடு வைத்தார்கள். வாய்க்கால் ஓரப் புல்லும் காய்கறித் தோலும் அதற்குப் போதும். ஜனங்கள் ஆட்டுக்கு வைத்த பட்டப்பெயர் ‘ஸ்டாலின் பசு’. 1939 மே மாதம் மத்தியக் கமிட்டி பதறிக்கொண்டு, வீட்டுநிலங்கள் அளவுமீறி வளர்ந்துவிட்டன என்று அளந்து வெட்டியது. அதே மே மாதம் வாலிங்டனில் அந்த மனிதர் முட்டை எண்ணிக்கொண்டிருந்தார். இரண்டையும் ஒப்பிடுவதில் ஒரு அநியாயம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். கோழி முட்டையிடாவிட்டால் ஆர்வெலுக்கு மதிப்புரைக் கூலி வரும்.

ஆர்வெல் தவறவிட்டதும் இங்கேதான். ‘விலங்குப் பண்ணை’யில் கலகம் உண்டு, சமரசம் கிடையாது. கோழிகள் சரணடைகின்றன, கதை முன்னே போய்விடுகிறது. வேலிக்குள் ஒரு மூலையில், அரசின் அனுமதியோடும் வெறுப்போடும், யாரோ தனக்கென ஒரு ஆட்டைக் கட்டிவைத்திருக்கும் நிலைமைக்கு அந்தக் கதையில் இடம் இல்லை. மிருகங்களே குடிகளாக இருக்கும் உருவகத்தில் மிருகத்தை வளர்ப்பவளை எங்கே வைப்பது? வடிவம் அவரைக் கட்டிவிட்டது. அவருடைய சொந்த ஆடு முரியல் கதைக்குள் வெள்ளாடாகவே வருகிறது, பால் தருவதற்கு அல்ல. படிக்கத் தெரிந்தது என்பதற்காக. சுவரில் மாறிப்போன கட்டளையைக் குளோவருக்கு வாசித்துக் காட்டுகிறது. பிறகு செத்துப்போகிறது. அவ்வளவுதான்.

1947இல் இந்தப் புத்தகத்தின் உக்ரேனிய மொழிபெயர்ப்பு மியூனிக்கில் வந்தது. ஆர்வெல் அதற்குத் தனி முன்னுரை எழுதினார். வாசகர்கள் ஜெர்மன் அகதிமுகாம்களில் இருந்தவர்கள். சோவியத் உக்ரேனின் கிராமங்களிலிருந்து வந்தவர்களும் அவர்களில் உண்டு. நெப்போலியன் யார் என்று அவர்களுக்கு யாரும் விளக்கியிருக்க வேண்டியதில்லை. அச்சான பிரதிகளில் ஒரு பகுதியை அமெரிக்க ராணுவ அதிகாரிகளே பறித்து சோவியத் தரப்பிடம் ஒப்படைத்தார்கள்.

வீட்டு முட்டைக்கும் பாலுக்குமான கட்டாய அளப்பு 1958 ஜனவரியோடு ஒழிந்தது. 1959இல் ரஷ்யக் குடியரசின் நகரங்களில் கால்நடை வைத்திருப்பதைத் தடைசெய்தார்கள், கிராமங்களிலும் நெருக்கினார்கள். 1964 அக்டோபரில் குருஷ்சோவ் இறக்கப்பட்டார். அடுத்த மாதமே வீட்டுநிலம், வீட்டுக் கால்நடை மேலிருந்த கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டன.