சங்கில் இருந்த பால்

2014இல் என் மகள் 31 வாரத்திலேயே பிறந்துவிட்டாள். மூக்கில் குழாய் விட்டு, மனைவி பீச்சிக் கொடுத்த தாய்ப்பாலைத் துளித்துளியாக ஏற்றினார்கள். சிவகங்கையில் இருந்த அப்பத்தாவிடம் போனில் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "பீச்சுன பாலையா?" என்று கேட்டார்.

ஏன் அப்படிக் கேட்டார் என்பதற்கு இரங்கூனுக்குப் போக வேண்டும். அப்பத்தாவின் தலைச்சன் பிள்ளை, என் பெரியப்பா, அங்கேதான் 1957இல் வீட்டுப் பிரசவத்தில் பிறந்தார். பதினோரு நாள் இருந்தார். "எட்டாம் மாசப் பிள்ளை தங்காது" என்று எல்லோரும் சொல்லித் தேற்றினார்கள். அப்பத்தாவின் கணக்கு வேறு. "அவனுக்கு உறிஞ்சத் தெம்பில்ல. எனக்குப் பால் கட்டிக்கிட்டு வலி தாங்கல. பீச்சி மல்லிகைச் செடியில ஊத்துனேன். அவனுக்கு டின் பாலைக் கரைச்சுச் சங்குல குடுத்தோம். என் பாலு ஆகலைன்னாங்க."

1964இல் நே வின் அரசு கடைகளைத் தேசியமயமாக்கிய பிறகு கப்பலேறிய ஆயிரக்கணக்கான இந்தியக் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. துறைமுகச் சோதனையில் தோடு போனது. பித்தளை என்பதால் சங்கு தப்பியது. இப்போது அது என்னிடம் இருக்கிறது.

2016இல் ஒரு மென்பொருள் வேலையாக யாங்கோன் போனபோது, லான்மடோ பகுதியில் இருக்கும் மத்திய மகளிர் மருத்துவமனையைப் பார்த்தேன். பழைய பெயர் டஃப்ரின் ஆஸ்பத்திரி. இந்தியப் பெண்களுக்குப் பெண் மருத்துவர்கள் கிடைக்க வேண்டும் என்று வைஸ்ராயின் மனைவி டஃப்ரின் சீமாட்டி 1885இல் ஒரு நிதியைத் தொடங்கினார். அதே ஆண்டின் கடைசியில் அவர் கணவர் மேல் பர்மாவின் மீது படையெடுத்து, 1886 ஜனவரி 1 அன்று அதை இணைத்துக்கொண்டார். பர்மாவின் முதல் பெண் மருத்துவர் மா சோ சா பின்னாளில் இந்த ஆஸ்பத்திரிக்குத் தலைமை ஏற்றார். 1931 கணக்கெடுப்பில் இரங்கூனின் நான்கு லட்சம் மக்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள். அவர்களில் எத்தனையோ தாய்மார்களுக்கு, அப்பத்தாவுக்குப் போலவே, பிரசவம் என்றால் மருத்துவச்சியும் வெந்நீரும்தான்.

டின் பால் மட்டும் எல்லா வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. பாதிக்குக் கொஞ்சம் குறைவாகச் சர்க்கரை சேர்த்துச் சுண்டக் காய்ச்சிய பால். வெயில் நாட்டிலும் கெடாது. ஒரு டின் அதிக நாள் வர வேண்டுமென்று தண்ணீரை நிறைய ஊற்றினால், குழந்தைக்குச் சேர்வது இனிப்புத் தண்ணீர். தண்ணீர் சுத்தமில்லை என்றால் வயிற்றுப்போக்கும் சேரும். மலாயாவில் பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி கிளப்பில் 'பாலும் கொலையும்' என்ற தலைப்பிலேயே பேசினார். செவிலியர் உடையில் விற்பனைப் பெண்களை அனுப்பித் தாய்மார்களிடம் டின் பாலைப் பரப்புவதை அவர் அங்கே கண்டித்தார். இப்படிப்பட்ட விற்பனையைக் கட்டுப்படுத்தும் விதிமுறையை உலக சுகாதார மாநாடு ஏற்க 1981 ஆயிற்று; 118 நாடுகள் ஆதரித்தன, அமெரிக்கா மட்டும் எதிர்த்தது. மியான்மரில் அதற்கான ஆணை வந்தது 2014இல், என் மகள் பிறந்த ஆண்டில்.

குறைமாதக் குழந்தைக்கு என்ன வேண்டும் என்பதும் 1957இல் புதிய செய்தி அல்ல. பாரிஸில் தார்னியே 1880இலேயே குழந்தைகளுக்கான வெப்பப் பெட்டியைக் கொண்டுவந்தார். அவர் மாணவர் பியேர் புதேன் 1900இல் வெளியிட்ட நூலில், சூடும் தாய்ப்பாலும் தொற்று அண்டாத சூழலும் வேண்டும், தாயைப் பிரிக்கக் கூடாது என்று எழுதிவிட்டார். உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றும் ஒன்றோடொன்று இசைந்து வருவது ஏறக்குறைய 34 வாரத்தில்தான். அதற்கு முன் பிறந்த பிள்ளை மார்பைப் பிடிக்காததற்குப் பாலில் குறை என்று அர்த்தமில்லை.

1978இல் இரண்டு விஷயங்கள் நடந்தன. கனடாவில், குறைமாதத்தில் பெற்ற தாயின் பாலில் புரதச் சத்தின் அளவு நிறைமாதத் தாயின் பாலைவிட அதிகம் என்று கண்டறிந்தார்கள். கொலம்பியாவின் பொகோட்டாவில், வெப்பப் பெட்டிகள் போதாத மருத்துவமனையில், எட்கர் ரே என்ற மருத்துவர் குழந்தையைத் தாயின் வெறும் மார்போடு அணைத்துக் கட்டிவைக்கச் சொன்னார். 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியை அர்மிதா பெர்னாண்டஸ் தொடங்கினார். குடல் அழுகும் நோய், தாய்ப்பால் மட்டும் பெற்ற குறைமாதக் குழந்தைகளைவிடப் புட்டிமாவு மட்டும் பெற்றவர்களுக்கு ஆறு முதல் பத்து மடங்கு அதிகம் என்று 1990இல் இங்கிலாந்து ஆய்வு சொன்னது. 2021இல் இந்தியாவும் ஆப்பிரிக்க நாடுகள் நான்கும் சேர்ந்த ஆய்வில், பிறந்த உடனேயே தாயின் நெஞ்சோடு அணைத்த எடை குறைந்த குழந்தைகளிடையே முதல் 28 நாள் இறப்பு 15.7இலிருந்து 12 சதவீதமாகக் குறைந்தது.

உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட வழிகாட்டியைப் படித்தபோது ஓரிடத்தில் நின்றுவிட்டேன். வாயால் குடிக்க முடிந்தும் மார்பைப் பிடிக்க முடியாத எடை குறைந்த குழந்தைக்குக் கிண்ணத்தாலோ, பாலாடையாலோ, கரண்டியாலோ கொடுக்கச் சொல்கிறது. நம்முடைய 'பாலாடை' என்ற சொல் அப்படியே இருக்கிறது. சங்கைத்தான் நம் பக்கம் சில ஊர்களில் பாலாடை என்பார்கள். பழம்பெருமை பேச இதைச் சொல்லவில்லை. அதே சங்கில்தான் சர்க்கரைத் தண்ணீரும் விளக்கெண்ணெயும் கழுதைப் பாலும் புகட்டினோம். பெரியப்பாவுக்கு டின் பால் கொடுத்ததும் அதிலேதான். வேண்டிய பாலும் வீட்டிலேயே இருந்தது, அதற்கான பாத்திரமும் இருந்தது. ஒன்றை இன்னொன்றில் ஊற்று என்று சொல்ல மட்டும் ஆளில்லை. சொல்லியிருந்தால் பெரியப்பா பிழைத்திருப்பார் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்த மூச்சும் அந்தச் சூடும் வேறு கதை.

யாங்கோனிலிருந்து திரும்பும் வழியில் ஊருக்குப் போனேன். "உங்க பால்ல ஒரு குறையும் இல்ல அப்பத்தா. சீக்கிரம் பிறந்த பிள்ளைக்குத் தாயோட பால்ல சத்து கூடுதலாவே இருக்குமாம்" என்று கனடா ஆய்வைச் சொன்னேன்.

அப்பத்தா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "அப்ப அவனுக்குன்னுதான் ஊறியிருக்கு" என்றார்.