உப்பு ஏரியில் ஒரு வீடும் மணிலாவிலிருந்து வந்த கடனும்

2025 செப்டம்பர் 23. காலையில் கதவைத் திறந்தால் வாசலில் மூன்றாவது படி வரை தண்ணீர். 24 மணி நேரத்துக்குள் கொல்கத்தாவில் சுமார் 250 மில்லிமீட்டர் மழை. பூஜைக்கு இன்னும் ஐந்தே நாள். நகரத்தில் பத்துப் பேர் வரை இறந்து போனார்கள். அதில் பெரும்பாலோர் தேங்கிய தண்ணீரில் மின்சாரம் பாய்ந்து செத்தவர்கள். ஊரிலிருந்து அம்மா போன் பண்ணி, "மெட்ராஸ்லதான் இப்படின்னு நெனச்சேன், அங்கயுமா?" என்றாள்.

அங்கேயும்தான். அதிலும் நான் குடியிருப்பது சால்ட் லேக். பெயரிலேயே ஏரி இருக்கிறது! ஹூக்ளி ஆற்றுக்கரை மேடு, கிழக்கே போகப் போகப் பள்ளம். இதுதான் கொல்கத்தாவின் இயற்கையான சரிவு. மழைத் தண்ணீர் கிழக்கே இருந்த உப்பு ஏரிகளில் போய் விழும். 1962 முதல் 1967 வரை, யூகோஸ்லாவியக் கம்பெனி ஒன்று ஹூக்ளியின் வண்டலைத் தண்ணீரோடு குழாயில் அனுப்பி அந்த ஏரியின் ஒரு பகுதியைத் தூர்த்தது. முதலமைச்சர் பிதான் சந்திர ராயின் கனவு அது. அதனால்தான் பிதான்நகர் என்று பெயர். ஏரிக்குள் வீட்டை வாங்கிவிட்டு ஏன் தண்ணீர் வருகிறது என்று கேட்டால் எப்படி?

இருந்தாலும் வங்கிக்காரன் புத்தி போகுமா? தண்ணீர் வடியக் காத்திருந்தபோது, இந்த ஊரின் சாக்கடைக்கு யார் யார் கடன் கொடுத்தார்கள் என்று யோசிக்க ஆரம்பித்தேன். பெரிய கதை அது.

1968 நவம்பரில் உலக வங்கித் தலைவர் மக்னமாரா கொல்கத்தா வந்தார். வியட்நாம் போரை நடத்திய மனிதர் என்று ஊரே கொதித்துக் கிடந்தது. சாலை வழியாக வர முடியாமல் விமான நிலையத்திலிருந்து ஹெலிகாப்டரில் நகருக்குள் கொண்டுவந்தார்கள். இவ்வளவு எதிர்ப்புக்குப் பிறகும் 1973-இல் உலக வங்கியின் சலுகைக் கடன் பிரிவான ஐ.டி.ஏ. கொடுத்தது 35 மில்லியன் டாலர். வடிகால், கழிவுநீர், குடிநீர், சாலை என்று சி.எம்.டி.ஏ. செய்த வேலைகளுக்கு. அடுத்த பத்தாண்டுகளில் மேலும் இரண்டு கடன்கள் வந்தன.

அந்தக் காலத்து ஐ.டி.ஏ. நிபந்தனையைக் கேட்டால் நம் வீட்டுக் கடன்காரர்கள் பொறாமைப்படுவார்கள். 50 வருடத் தவணை, முதல் பத்து வருடம் அசலே கட்ட வேண்டாம், வட்டி இல்லை, 0.75 சதவீத சேவைக் கட்டணம் மட்டும். ஆனால் டாலர் அன்று ஏழே முக்கால் ரூபாய். ஒப்பந்தப்படி கடைசித் தவணை வரவேண்டிய 2023-இல் 82 ரூபாய்க்கு மேல். சும்மா கிடைத்த பணமாகத் தெரிவது எவ்வளவு சும்மா என்பது இங்கேதான் இருக்கிறது.

இதற்கெல்லாம் அன்று "கிளைமேட்" என்று யாரும் பெயர் வைக்கவில்லை. 2000 டிசம்பரில் மணிலாவிலிருக்கும் ஆசிய வளர்ச்சி வங்கி 250 மில்லியன் டாலர் அனுமதித்தபோதும் திட்டத்தின் பெயர் சுற்றுச்சூழல் மேம்பாடுதான். பேஹாலா, ஜாதவ்பூர் மாதிரி, 1984-இல் மாநகராட்சியோடு சேர்ந்தும் சாக்கடை சேராத பகுதிகளுக்குக் குழாய் புதைப்பதும் கால்வாய் தூர் வாருவதும். 2013-இல் அதன் தொடர்ச்சியாக 400 மில்லியன், மூன்று தவணைகளில். பிறகு அதே வங்கியின் உதவியோடு கால்வாய்களிலும் பம்பிங் ஸ்டேஷன்களிலும் சென்சார் வைத்து வெள்ள முன்னறிவிப்பு. குழாய் என்னவோ அதே குழாய்தான், இப்போது அதற்குப் பெயர் பருவநிலைத் தகவமைப்பு. (எங்கள் பிதான்நகர் தனி மாநகராட்சி, இந்தத் திட்டத்தில் இல்லை. தண்ணீருக்கு அது தெரியாது :-))

இடையில் ஒரு மாற்றம் நடந்ததை வெளியே அதிகம் பேர் கவனிக்கவில்லை. முன்பெல்லாம் வெளிநாட்டுக் கடனை மத்திய அரசு வாங்கி, 70 சதவீதம் கடனாகவும் 30 சதவீதம் மானியமாகவும் மாநிலத்துக்கு ரூபாயில் கொடுக்கும். டாலர் ஏறினால் நஷ்டம் டெல்லிக்கு. 12-வது நிதிக்குழு சொன்னபடி 2005-க்குப் பிறகான திட்டங்களில் கடன் அப்படியே மாநிலத்தின் தலைக்குப் போகிறது, மாற்று விகித அபாயத்தையும் சேர்த்து. 60 ரூபாய் டாலரில் எடுத்துக் குழாய் புதைத்துவிட்டு, 2025-இல் 88 ரூபாயைத் தொட்ட டாலரில் திருப்ப வேண்டும். குழாயோ நயா பைசா சம்பாதிக்காது. காற்றாலைக்கும் சோலாருக்கும் கடன் கொடுக்க எல்லாரும் முந்திக்கொள்வது அதனால்தான். யூனிட் விற்றால் தவணை வரும். வெள்ளம் வராமலிருந்ததற்கு யார் பில் போடுவது?

இத்தனைக்கும் நடுவில் யாரிடமும் கடன் வாங்காமல் வேலை செய்யும் ஒன்று எங்கள் தெற்கே கிடக்கிறது. தூர்க்கப்படாமல் மிஞ்சிய கிழக்குக் கொல்கத்தா சதுப்பு நிலம், சுமார் 12,500 ஹெக்டேர். நகரத்துச் சாக்கடை 'பேரி' எனப்படும் மீன் குளங்களுக்குள் போகிறது, வெயிலும் பாசியும் அதைச் சுத்தம் செய்கின்றன, மீன் தின்று வளர்கிறது. இதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் அரசு அதிகாரியாக இருந்த துருபஜோதி கோஷ். 1992-இல் அங்கே உலக வர்த்தக மையம் கட்ட அரசு நினைத்தபோது கல்கத்தா உயர்நீதிமன்றத்தில் நீதிபதி உமேஷ் சந்திர பானர்ஜி தடுத்தார். 2002-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. 2018-இல் கோஷ் காலமானார்.

என் மேஜைக்கு வரும் வீட்டுக் கடன் மனுக்களில் பாதி ராஜர்ஹாட் பக்கத்துப் புது அடுக்குமாடிகள். வில்லங்கம், மதிப்பீடு, சம்பளச் சான்று எல்லாம் பார்க்கிறோம். நிலம் முன்பு என்னவாக இருந்தது என்று கேட்க எங்கள் படிவத்தில் கட்டம் இல்லை. செப்டம்பருக்குப் பிறகு நானாகவே கேட்க ஆரம்பித்தேன். போன மாதம் ஒரு இளைஞர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "பேரி இருந்தது சார். எங்க தாத்தா அங்கதான் மீன் வாங்குவார்."

மனு விதிப்படி சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.