ஒரே அளவுக் கிண்ணம்: காப்பியின் வரலாற்றில் நம் மக்கள்

இந்த நினைவுச் சொற்பொழிவை ஒரு காப்பிப் பையிலிருந்து தொடங்குகிறோம். குன்றத்தூரில் கூட்ட ஏற்பாடுகளைப் பேசக் கூடியபோது நண்பர் ஒருவர் வாங்கிவந்தது. சேர்வராயன் மலை, 4,500 அடி, ஒரே தோட்டத்து விளைச்சல். ஆரஞ்சுப் புளிப்பு, வெல்லத்தின் இனிப்பு என்று அதில் சுவைக் குறிப்பு இருந்தது. போட்டுக் குடித்தோம். புளிப்பு உண்மைதான். வெல்லம் எங்களுக்குப் பிடிபடவில்லை.

உயரத்தில் குளிரால் பழம் மெதுவாகக் கனியும். கொட்டை இறுகி, புளிப்பும் மணமும் கூடும். இதில் ஏமாற்று ஒன்றுமில்லை. ஆனால் ஒரே கிளையில் காயும் பழமும் கலந்து நிற்கும். பழுத்ததை மட்டும் பார்த்துக் கையால் பறித்தால்தான் அந்தச் சுவை. பையில் மலைக்குப் பெயர் உண்டு, செடியின் ரகத்துக்கும் உண்டு. 1820 வாக்கில் ஏற்காட்டுக்குக் காப்பியைக் கொண்டுவந்த சேலம் கலெக்டர் காக்பர்னின் பெயர் வரலாற்றில் இருக்கிறது. பறித்த கைக்குத்தான் பெயர் இல்லை.

இந்த விடுபடல் பழையது. 19ஆம் நூற்றாண்டில் இலங்கையின் கண்டி மலைகளில் கோப்பித் தோட்டங்கள் எழுந்தபோது திருச்சி, மதுரை, தஞ்சை, சேலம் பக்கத்து ஊர்களில் கங்காணிகள் ஆள் திரட்டினார்கள். போனவர்களில் பள்ளர், பறையர், அருந்ததியர் பெருந்தொகையினர். மன்னாரில் இறங்கி மாத்தளைவரை நூறு மைலுக்கும் மேல் காட்டுவழி நடை. காலராவிலும் பட்டினியிலும் வழியில் விழுந்தவர்களில் பெரும்பாலோரின் பெயர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. தேயிலைபோல ஆண்டு முழுவதும் வேலை கிடையாது. பறிப்பு முடிந்தால் அதே காட்டுவழியே திரும்ப வேண்டும்.

1869இல் ஆபிரகாம் ஜோசப் எழுதிய 'கோப்பிக் கிருஷிக் கும்மி' யாழ்ப்பாணத்தில் அச்சானது. கும்மி உழைக்கும் மக்களின் வடிவம்; அதில் பேசுவதோ தோட்ட நிர்வாகத்தின் குரல். அதே ஆண்டில் இலைத்துரு நோய் தலைகாட்டியது. இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி சாய்ந்து தேயிலை வந்துவிட்டது.

இங்கே தமிழகத்தில் காப்பி மேல்சாதி வீடுகளின் பெருமையாயிற்று. காப்பி கிளப்புகளில் பிராமணருக்குத் தனியிடம்; நம் மக்களுக்கு உள்ளே நுழையவே வழியில்லை. பிறகு கிராமத்துக் கடைகளில் இரட்டைக் குவளை. நம் பாட்டன்கள் பறித்ததை நாம் தனிக் குவளையில் வாங்கி, குடித்து, நாமே கழுவி வைத்தோம்.

காப்பிக்குச் சுவை பார்ப்பவர்களிடம் ஒரு விதி உண்டு. கிண்ணங்கள் எல்லாம் ஒரே அளவு, ஒரே வடிவம், ஒரே பொருளில் இருக்க வேண்டும். கரகரப்பாக அரைத்த தூளில் வெந்நீர் ஊற்றி, நான்கு நிமிடம் விட்டு, மேலே படிந்ததைக் கலைத்து, ஆளுக்கொரு கரண்டியால் ஒரே கிண்ணத்திலிருந்து எடுத்து உறிஞ்சுவார்கள். கிண்ணம் மாறினால் சுவையை ஒப்பிட முடியாதாம்.

இதைச் சொன்னபோது எங்கள் மூத்த தோழர் ஒருவர், தம் ஊர்க் கடையின் கூரையில் செருகியிருந்த குவளைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அன்று கூட்ட ஏற்பாடு பற்றி எதுவும் முடிவாகவில்லை.